சென்னை–லண்டன் விமான நேரம்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டமிடுவோர் செய்யும் முதல் தவறு, பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துப் பார்ப்பது. சென்னையில் காலை 5.30 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனை முற்பகல் 11.30 மணிக்கு அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரப் பயணம் என்று தோன்றும். ஆனால் இரண்டுமே அந்தந்த ஊரின் நேரங்கள். கோடையில் லண்டன் நமக்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், உண்மையான பயணம் பத்தரை மணி நேரம். இந்த வித்தியாசமும் நிலையானதன்று. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை அது ஐந்தரை மணி நேரமாகிவிடும். ஊரில் இருப்பவர்களிடம் வந்துசேரும் நேரத்தைச் சொல்லும்போது, பயண நாளன்று எந்தக் கணக்கு நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு இழுப்பது அடுத்த தவறு. அப்படி இழுத்தால் பாதையின் நடுப்பகுதி ஈராக், சிரியா பக்கம் விழும். உருண்டையான பூமியின் மீது உள்ள மிகக் குறுகிய பாதையோ காஸ்பியன் கடலையும் உக்ரைனையும் கடந்து செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். அந்தப் பாதையிலும் இப்போது முழுமையாகப் பறக்க முடியாது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், விமானங்கள் அதைச் சுற்றியே செல்ல வேண்டியிருக்கிறது. இதே தொலைவைச் சில இணையதளங்கள் கடல் மைலில் 4,440 என்று காட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதை மறந்தால் தொலைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டதாக ஏமாறுவோம்.

எனினும் அதிகம் பேரைத் தடுமாற வைப்பது வகுத்தல் கணக்குத்தான். விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பதைக் கொண்டு 8,230 கிலோமீட்டரை வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. ஆனால் அது உச்ச உயரத்தில், தரையோடு அல்லாமல் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் வேகம். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்மட்டக் காற்று லண்டன் செல்லும் விமானத்தை எதிர்க்கிறது, திரும்பி வரும் விமானத்தை முன்தள்ளுகிறது. குளிர்காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே போகும் நேரமே வரும் நேரம் என்று எண்ணக் கூடாது. மேலும், அட்டவணையில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, நெரிசல் மிகுந்த லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் தரையிறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடுவது ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கும்.

துபாய் வழியாகச் சென்றால் சுற்றுப் பாதை என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையில் தொலைவு 200 கிலோமீட்டர் அளவுக்கே கூடுகிறது. நேரத்தை நீட்டுவது இன்னொரு முறை இறங்கி ஏறுவதும் இடையில் காத்திருப்பதுமே. இரண்டு விமானங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரலாம், அதற்காக அந்நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் காத்திருக்காது என்பதால், இவ்வகைப் பயணத்தில் இடைவெளியைத் தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.