நோயாளியின் கட்டிலருகே ஜெபிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போகிறோம். பழம் கொடுத்தாயிற்று, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாயிற்று. கிளம்பும் நேரத்தில் கட்டிலில் இருப்பவர், "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்களேன்" என்கிறார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குருவானவர் ஜெபிக்க, நாம் ஆமென் சொல்லியே பழகியவர்கள். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கதைதான். பிறகு எனக்கென்று ஒரு முறை அமைந்தது. அதைத்தான் எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், உங்கள் சபையில் வேறு வழக்கம் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

யார் ஜெபிக்கலாம்?

நீங்கள் ஜெபிக்கலாம். யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தில் சபையின் மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. இரண்டு வசனம் தள்ளி, சொஸ்தமடையும்படிக்கு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. அந்த இரண்டாவது வசனத்தில் நாம் எல்லோரும் அடக்கம்.

எண்ணெய் மட்டும் தனி விஷயம். கத்தோலிக்கர்களுக்கு நோயில்பூசுதல் ஓர் அருளடையாளம்; குருவோ ஆயரோதான் செய்ய முடியும். அதற்கான எண்ணெயைப் புனித வாரத்தில் ஆயர் மந்திரிப்பார். ஆகவே கத்தோலிக்க நோயாளி கேட்டால் பங்குத்தந்தைக்குத் தகவல் சொல்லுங்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் கடைசி நேரம் வந்துவிட்டது என்று பயப்படுகிற வீடுகள் இன்னும் உண்டு. 1972-இல் வந்த புதிய சடங்குமுறைப்படி கடுமையான நோயிலும், முதுமைத் தளர்ச்சியிலும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் இதைப் பெறலாம். அந்த வீட்டாருக்கு இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

எங்கள் பக்கம் நான் எண்ணெய் கொண்டுபோவதில்லை. கேட்டால் குருவானவரை அழைத்து வருவேன். உங்கள் சபையில் நீங்களே பூசும் வழக்கம் என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருப்பவரின் முகத்திலோ நெற்றியிலோ பூசவே வேண்டாம். ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப்பசை எளிதில் தீப்பிடிக்கும்.

கையில் என்ன இருக்கலாம்?

சங்கீதமும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாடு ஒன்று. போனில் வேதாகமம் படிப்பதை நான் இந்த இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சங்கீதம் 23 பாதியில் போகும்போது மேலிருந்து ஏதோ ஒரு வங்கிக் கடன் விளம்பரம் இறங்கும். புத்தகம்தான் சரி. வாசிக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஒரு காகிதத் துண்டு வைத்துவிடுங்கள்.

எதை வாசிப்பது? என் தேர்வு 121-ஆம் சங்கீதம். எட்டே வசனம். அதிலும், "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற வரி ராத்திரி தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு நேராகப் போய்ச் சேரும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 41-ஆம் சங்கீதத்தின் முதல் மூன்று வசனம். பலரும் எடுக்கிற 91-ஆம் சங்கீதத்தை நான் தவிர்ப்பேன். வாதை உன் கூடாரத்தை அணுகாது என்று அதில் வருகிறது. வாதை ஏற்கெனவே அணுகிவிட்டவர் முன்னால் அதை வாசிக்க எனக்கு வாய் வராது.

அப்புறம், உங்களுக்கே சளி, காய்ச்சல் என்றால் போகவேண்டாம். கீமோ எடுப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. வாசலில் கை கழுவுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், குமட்டலில் இருப்பவருக்கு ஆகாது.

உள்ளே போனதும்

உட்காருங்கள். நின்றபடி பேசினால் நோயாளி கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவேண்டியிருக்கும். ஆனால் கட்டிலில் உட்காரவேண்டாம்.

கையைப் பிடித்து ஜெபிக்க நினைத்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு எந்தக் கை என்று பாருங்கள். டிரிப்ஸ் ஏறும் கையைத் தொடவேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். டயாலிசிஸ் செய்பவர்கள் விஷயம் அப்படியல்ல. அவர்களுக்கு ஒரு கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். மணிக்கட்டுக்கோ முழங்கைக்கோ பக்கத்தில் தோலுக்கடியில் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்துத் தெரியும். மெல்லத் தொட்டால் உள்ளே அதிர்வு ஓடுவது விரலுக்குப் புரியும். அந்தக் கையை அழுத்தக் கூடாது, அதில் பிரஷர்கூடப் பார்க்க மாட்டார்கள். நாமோ ஜெபம் உருக உருகப் பிடியை இறுக்குகிறவர்கள். அவர்களிடம் மற்றக் கையைப் பிடியுங்கள், அல்லது கட்டில் கம்பியில் கை வைத்துக்கொள்ளுங்கள்.

கேளுங்கள் (இதுதான் முக்கியமான படி)

என்னை நீண்ட நாள் தடுமாற வைத்த இடம் இது. நோயாளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்ததாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம்: சுகம்தானே வேண்டும்?

பர்திமேயு கண் தெரியாதவர் என்பது எரிகோவில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இயேசு அவரிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவரிடமும், சொஸ்தமாக விரும்புகிறாயா என்ற கேள்விதான் முதலில். ஆகவே நானும் கேட்கிறேன்: "அண்ணாச்சி, எதுக்காக ஜெபிக்கணும்?"

வருகிற பதில்கள் ஆச்சரியமாக இருக்கும். சிறுநீரகம் செயலிழந்த ஒரு பெரியவர், "இன்னைக்கு ராத்திரி ஒரு மூணு மணி நேரம் தூங்கினாப் போதும் தம்பி" என்றார். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு அம்மாவுக்கு மகளின் பிளஸ் டூ பரீட்சை பற்றித்தான் கவலை. கேட்காமல் நானாக ஜெபித்திருந்தால் இரண்டையும் தொட்டிருக்க மாட்டேன்.

பதில் வந்ததும் அடுத்த சிக்கல் வரும். "கண்டிப்பாகச் சுகமாகிவிடும்" என்று அடித்துச் சொல்வதா, "உமக்குச் சித்தமானால்" என்று அடக்கி வாசிப்பதா? தேவாலயத்தின் அழகிய வாசல் அண்டையில் நடக்க முடியாதவரிடம் பேதுரு எழுந்து நட என்றே சொன்னார் என்பார்கள் ஒரு சாரார். மறு சாரார், என் சித்தமல்ல, உம்முடைய சித்தமே ஆகட்டும் என்று கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்ததைக் காட்டுவார்கள். நான் மாற்கு முதல் அதிகாரத்துக் குஷ்டரோகியைப் பிடித்துக்கொண்டேன். "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்கிறார். உம்மால் ஆகும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை, அதே சமயம் கட்டளையும் போடவில்லை. ஆகவே கேட்கவேண்டியதை முழுதாக, தயங்காமல், தெளிவாகக் கேளுங்கள். தேதி மட்டும் குறிக்காதீர்கள். "இந்த வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்" என்று கர்த்தர் சார்பில் அறிவிப்பதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. சனிக்கிழமையும் அதே கட்டிலில் கிடக்கப்போவது அவர்தான்.

ஜெபம்

இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். பேரைச் சொல்லுங்கள், "இந்த வியாதியஸ்தர்" என்று சொல்லவேண்டாம். அவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே வையுங்கள். மருத்துவர், நர்ஸ், கூட இருந்து பார்ப்பவர் மூவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி:

"அன்பின் ஆண்டவரே, எங்கள் அண்ணாச்சி உம்முடைய பிள்ளை. அவர் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று உமக்குத் தெரியும். அவரைத் தொட்டுச் சுகமாக்கும். இன்று இரவு நல்ல தூக்கம் கொடும். மருத்துவர்களுக்கு ஞானம் தாரும். மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளட்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குப் பெலன் கொடும். பயம் வருகிற நேரத்தில் நீர் கூடவே இரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்."

அவ்வளவுதான். சத்தம் பக்கத்துக் கட்டிலைத் தாண்டக் கூடாது. பாவ அறிக்கை, பிசாசைத் துரத்துவது, இன்னார் சாபம் என்று கண்டுபிடிப்பது எதுவும் வேண்டாம். பிறவியிலேயே கண் தெரியாத ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களிடம், இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார் (யோவான் 9).

முடிந்த பிறகு

உடனே கிளம்புங்கள். "விசுவாசம் இருந்தா சரியாயிரும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியாகாவிட்டால் விசுவாசமும் இல்லை என்ற பழியைச் சேர்த்துத் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). பவுலின் ஜெபத்தில் குறை என்று யாரும் சொல்வதில்லையே.

மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். யாராவது சொன்னால் தடுங்கள். காசநோய் மருந்தை உடம்பு தேறியதும் நடுவில் விட்டால், மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம். இன்சுலினை விட்டு உபவாசம் இருப்பது உயிருக்கே ஆபத்து. எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டது. ஆனாலும் பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலுடன் இருந்த லூக்கா வைத்தியர். வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஜெபமா மருந்தா என்ற சண்டை நம் சபைகளுக்குத் தேவையில்லாதது.

சேர்க்கை 1: ஐ.சி.யூ.வில், நினைவில்லாதவருக்கு என்ன செய்வது என்று ஒரு அக்கா பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நர்ஸிடம் அனுமதி வாங்கி, காதருகே நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரு வசனம், நாலு வரி ஜெபம். அவருக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அங்கே நின்று அவர் நிலைமையைப் பேசவேண்டாம்.

சேர்க்கை 2: பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இந்து, முஸ்லிம் குடும்பத்தார், "எங்களுக்கும் ஜெபம் பண்ணுங்க" என்று கேட்பது நம் ஊரில் சகஜம். தாராளமாகச் செய்யுங்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும். துண்டுப்பிரசுரம் எதுவும் கொடுக்காமல்.

சேர்க்கை 3: ஜெபத்துக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா என்று ஒரு தம்பி கேட்டார். ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். முகம் தெரியாதவர்கள் ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. தங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். ஜெபிக்கப்பட்டும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52. நம் நிலைமை அவ்வளவு மோசமா என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு ஊகமும் உண்டு. கட்டிலருகே உட்கார்ந்து கேட்டு ஜெபிப்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் அந்த ஊகம் எனக்கு உறைத்தது. "உங்களுக்காக இருநூறு பேர் உபவாசம் இருக்கோம்" என்று நோயாளியிடம் போய்ச் சொல்வதை இப்போது எங்கள் குழுவில் தவிர்க்கிறோம். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போடுவதற்கு முன்பும் அவரிடமே கேட்கிறோம். சரி என்றால் பேரும் ஒரு வரி வேண்டுதலும் மட்டும். ஸ்கேன் ரிப்போர்ட், மூக்கில் குழாயோடு எடுத்த போட்டோ எதுவும் அங்கே போகாது.