கங்கை டால்பினைப் பாக்கணும்னா மொதல்ல மீனைத் தேடுங்க

பாகல்பூர்ல படகு ஏறுறவங்க நெறைய பேர் நடு ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு ஒண்ணும் தெரியலன்னு திரும்பிடுறாங்க. டால்பின் மீன் சேர்ற எடத்துலதான் நிக்கும், அதனால மீன் எங்க ஏன் சேருதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

போக வேண்டிய எடம் பீகார்ல இருக்குற விக்ரம்ஷிலா டால்பின் சரணாலயம், சுல்தான்கஞ்ச்ல இருந்து ககல்காவ் வரைக்கும் போற கங்கை, 1991ல அறிவிச்சாங்க. மழை முடிஞ்சு தண்ணி வடிஞ்ச அப்புறம் போங்க. வெள்ளத்துல மீனெல்லாம் கிளையாறு, வாய்க்கால்னு பரவிடும், டால்பினும் பின்னாடியே போயிடும். தண்ணி கொறஞ்சா எல்லாம் மடுவுல ஒண்ணு சேரும்.

படகுக்காரர்கிட்ட "சோன்ஸ்" எங்கன்னு கேளுங்க, அங்க அதுக்கு அதான் பேர். ஆறு வளையுற எடம், ரெண்டு ஓட்டம் சேர்ற எடம், மணல் திட்டுக்குக் கீழ்ப்பக்கம் தண்ணி திரும்பிச் சுத்துற எடம், இதைத்தான் பாக்கணும். ஓட்டம் அங்க தணியுறதால சின்ன மீன் ஒதுங்கும், மேல ஆலாப் பறவைங்க டைவ் அடிச்சா கண்டிப்பா அங்க படகை நிறுத்துங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க ப்ளீஸ், ஏன்னா இதோட கண்ணுல லென்ஸே கெடையாது, கலங்குன தண்ணியில க்ளிக் சத்தம் விட்டு அது திரும்பி வர்றத வச்சுத்தான் எரையைக் கண்டுபிடிக்குது, நம்ம எஞ்சின் சத்தம் அதைக் கெடுக்கும். ஒருக்களிச்சு நீந்தி அடி மண்ணைத் தொழாவி நீள மூக்கால சின்ன மீன், கெளுத்தி, எறான்னு புடிக்கும். மூச்சு விட மேல வரும்போது ஓரிரு செகண்ட்தான் தெரியும், கேமராவுக்குப் பின்னாடி இருந்தா அதுவும் போச்சு.

"எங்க மீனை இது தின்னுடுது"ன்னு சில மீனவங்க சொல்லுவாங்க. அவங்க கஷ்டம் நெஜம், மீனவங்க, டால்பின் ரெண்டு பேரும் இப்ப சின்ன மீனைத்தான் நம்பியிருக்காங்க. ஆனா மீன் கொறைஞ்சதுக்கு டால்பினைக் குத்தம் சொல்ல முடியாது. 1975ல கீழ்ப்பக்கம் மேற்கு வங்கத்துல ஃபராக்கா அணை வந்த அப்புறம் கடல்ல இருந்து ஏறி வர்ற ஹில்சா மீன் மேல வர முடியாமப் போச்சு, கொசுவலை மாதிரி வலை போட்டு குஞ்சு மீனையும் அள்ளுறாங்க. டால்பின் உணவுச் சங்கிலியோட உச்சியில இருக்கு, அதனால வயல்ல அடிக்கிற மருந்து புழு, மீன்னு ஏறி கடைசியா அது கொழுப்புல போய்த் தங்குது. 1990கள்லயே அதுல டிடிடிங்கிற பூச்சி மருந்து இருக்குறதக் கண்டுபிடிச்சுட்டாங்க. அதே ஆத்து மீனைத்தான் கரையோர ஜனங்களும் சாப்பிடுறாங்க.

2025ல வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவுல மொத்தம் 6,327 ஆத்து டால்பின், அதுல கங்கை டால்பின் 6,324, மிச்சம் 3 பியாஸ் ஆத்துல இருக்குற சிந்து டால்பின். நீங்களும் ஒரு நோட்டுல நேரம், எடம், எத்தனை மேல வந்துச்சு, குட்டி கூட இருந்துச்சா, பக்கத்துல என்ன வலை போட்டிருந்தாங்கன்னு எழுதுங்க. ஒரே டால்பினை ரெண்டு தடவ எண்ணிடாம இருக்க, ரெண்டு வேற எடத்துல ஒரே நேரம் மேல வந்தா மட்டும் ரெண்டுன்னு போடுங்க.