காரைக்குடிக்கு வந்து பல் வைத்தியம் பார்ப்பது எப்படி? வெளிநாட்டிலிருந்து முதன்முறை வருகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஆட்கள் ஊருக்கு வருவதென்றால் முதலில் கல்யாணத் தேதி, அப்புறம் முன்னோருக்குப் படைப்பு, பிள்ளையார்பட்டி, வீட்டு ஓடு மாற்றுகிற வேலை, பத்திர ஆபீஸ், இத்தனையும் முடிந்து கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது "தம்பி, இந்தக் கடைவாய்ப் பல்லு ரொம்ப நாளா தொந்தரவு, நல்ல டாக்டர் யாரு?" என்று கேட்பார்கள். இரண்டு நாளில் எந்த நல்ல டாக்டராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பல்லுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு டிக்கெட் எடுங்கள். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் இருப்பதால் வருகிற சொந்தக்காரர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது என் தலையில் விழுந்த வேலை, அவ்வளவுதான்.

படி 1: உங்கள் வேலை பயணத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள்

ஒரே ஒரு சொத்தையை அடைக்க வேண்டுமென்றால் இருக்கிற ஊரிலேயே அடைத்துக்கொள்ளுங்கள். பல்லில் கிளிப் போடுவதற்கும் இங்கே வராதீர்கள். ஒன்றரை இரண்டு வருடத்துக்கு நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டிய வேலை அது. முகம் வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலும் இருந்தால் விமானம் ஏறுகிற பேச்சே வேண்டாம், அன்றைக்கே அங்கேயே பாருங்கள்.

வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து பல்லுக்குக் கேப், அதாவது உறை, போடுவதுதான் பயணத்துக்கு நன்றாகப் பொருந்தும். வேர் சிகிச்சைக்கு ஒன்று முதல் மூன்று முறை உட்கார வேண்டியிருக்கும், பிறகு பல்லைச் சீவி அளவு எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள், கேப் வந்ததும் பொருத்திப் பார்த்து ஒட்டுவார்கள். பல கிளினிக்குகளுக்கு லேப் வெளியூரில்தான், அதனால் நடுவில் ஒரு ஞாயிறோ பண்டிகையோ வந்தால் இழுக்கும். பத்து நாள் கையில் இருந்தால் நிம்மதி. பல் செட்டுக்கு இன்னும் கூடுதலாக வையுங்கள், ஏனென்றால் செட் கைக்கு வந்த பிறகுதான் எங்கே ஈறை உரசுகிறது என்று தெரியும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று முறை போக வேண்டும். பல்லைப் பிடுங்கிய சூட்டோடு செட் கட்டினால் ஈறும் எலும்பும் வற்றச் சில மாதத்தில் தளர்ந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இம்பிளாண்ட்தான் எல்லாரையும் ஏமாற்றும். தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகைப் பொருத்தி, அதன்மேல் பல் வைப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்பில் டைட்டானியம் அப்படியே பிடித்துக்கொள்வதைக் கவனித்து, 1965-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார், அன்றிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது, ஆனால் எலும்பு திருகைப் பிடிக்கிற வேகம் மட்டும் நம் அவசரத்துக்கு இசைவதில்லை. பொதுவாகக் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடைக்கு ஆறு மாதம் வரை. ஆக, திருகு வைக்க ஒரு பயணம், பல் வைக்க இன்னொரு பயணம். "ஒரே வாரத்தில் எல்லாம் முடிச்சுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால், அது தற்காலிகப் பல்லா, நிரந்தரப் பல்லா என்று கேளுங்கள். உடனே பல் வைக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் அதற்கு எலும்பு தோதாக இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒத்துவராது.

இன்னொன்று, சிரிப்பு அழகாக வேண்டும் என்று நல்ல பற்களையெல்லாம் சீவி வரிசையாக வெள்ளைக் கேப் மாட்டிக்கொள்வது. பிரிட்டனிலிருந்து இளைஞர்கள் துருக்கிக்குப் போய் இதைச் செய்துகொண்டு வந்து, கூச்சமும் வலியும் தாங்காமல் திண்டாடுவதை அங்குள்ள பல் மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். சீவிய எனாமல் திரும்ப முளைக்காது. பத்து நாளில் இருபது பல் என்றால் என் ஓட்டு, வேண்டாம் என்பதற்குத்தான்.

படி 2: ஐந்தொகை போடுங்கள்

பல்லுக்காக எல்லை தாண்டுவது புதிது இல்லை. அமெரிக்காக்காரர்கள் அரிசோனா பக்கமிருந்து மெக்சிகோவின் லாஸ் அல்கொதோனெஸ் ஊருக்கு நடந்தே போகிறார்கள், ஆஸ்திரியாக்காரர்கள் ஹங்கேரிக்குப் போகிறார்கள், சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜோகூர் பாரு. கணக்கு ஒன்றுதான்: அங்கே கேட்ட தொகையிலிருந்து இங்கே ஆகும் தொகையைக் கழியுங்கள், மிச்சத்திலிருந்து டிக்கெட், விசா, கார், சம்பளமில்லா விடுப்பு, பிறகு ஏதாவது சரிசெய்ய ஒரு தொகை, எல்லாவற்றையும் கழியுங்கள். கையில் நிற்பதுதான் உண்மையான லாபம். இம்பிளாண்டுக்கு இந்தச் செலவை இரண்டு முறை எழுத வேண்டும். எப்படியும் கல்யாணத்துக்கு வரத்தான் போகிறீர்கள் என்றால் டிக்கெட்டைப் பல் கணக்கில் எழுத வேண்டியதில்லை, அதனால்தான் நம் ஆட்களுக்கு இது கட்டுப்படியாகிறது. ஊர்ப் பயணம் எதுவும் இல்லாமல் ஒரு கேப்புக்காக மட்டும் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர், ஜோகூரையும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணத்தைக் காரைக்குடிக் கிளினிக்கில் பயன்படுத்த முடியாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

படி 3: கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள்

இருக்கிற ஊரிலேயே வாய் முழுவதும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்து, அந்த ஃபைலை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் தரம் குறைந்துவிடும். கூடவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். இதில் மூன்றை மறைக்கவே கூடாது: சர்க்கரை (கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண்ணோடு), ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் மாத்திரை அல்லது ஊசி. கடைசியில் சொன்னதை நம் ஆச்சிமார்கள் "அது சும்மா வாரத்துக்கு ஒண்ணு" என்று சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அந்த வகை மருந்துகள் சிலவற்றால் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. ஆஸ்பிரினை நீங்களாகவே நிறுத்திவிட்டும் வராதீர்கள், இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

அப்புறம் எழுத்தில் வாங்குங்கள்: எந்தெந்தப் பல், என்ன சிகிச்சை, எத்தனை முறை வர வேண்டும், கேப் எந்தப் பொருளில் (உலோகத்தின்மேல் பீங்கானா, சிர்கோனியாவா), மொத்தம் எவ்வளவு. நேரில் பார்த்த பிறகு இது கொஞ்சம் மாறலாம், அது நியாயம்தான். எக்ஸ்ரேவையே பார்க்காமல் தொகை சொல்கிறவரிடம் மட்டும் கவனம்.

படி 4: டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது

தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. பிடிஎஸ் முடித்தவர் பொதுப் பல் மருத்துவர், எம்டிஎஸ் என்பது அதற்கு மேல் மூன்று வருடச் சிறப்புப் படிப்பு. சிக்கலான வேர் சிகிச்சை என்றால் எண்டோடாண்டிஸ்ட், கேப், செட் என்றால் பிராஸ்தோடாண்டிஸ்ட், புதைந்த ஞானப்பல் என்றால் வாய் அறுவை நிபுணர். சின்ன ஊர்க் கிளினிக்குகளில் நிபுணர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வந்து சேருங்கள். ஒரு சின்னக் கிளினிக்கில், நாங்கள் போய்ச் சேர்ந்ததற்கு முதல் நாள்தான் நிபுணர் வந்துவிட்டுப் போயிருந்தார். அந்த வாரம் முழுவதும் கோயில் கோயிலாகச் சுற்றினோம், புண்ணியம் சேர்ந்தது, பல் அப்படியே இருந்தது.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மதுரை, திருச்சி இரண்டும் பக்கம். புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

படி 5: விசாவும் டிக்கெட்டும்

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் விசா வேண்டாம். அது இல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள், வருவதே வைத்தியத்துக்குத்தான் என்றால் இ-மெடிக்கல் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்பார்கள். அது 60 நாள் செல்லும், மூன்று முறை உள்ளே வரலாம். இம்பிளாண்டின் இரண்டு கட்டத்துக்கும் ஒரே விசா போதாது என்பது இதிலேயே தெரிகிறதே. விண்ணப்பிக்கும் தளத்தின் பெயர் ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள், அசல் மாதிரியே தெரியும் ஏஜெண்ட் தளங்கள் நிறைய.

சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சியில் இறங்குவதுதான் சுலபம். விமான நிலையமே புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது, திருமயம் வழியாகக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் உங்களைப் போலவே எல்லாரும் வருவார்கள், டாக்டரிடம் நேரம் கிடைப்பது கஷ்டம். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. வந்து இறங்கிய மறுநாளே கிளினிக், கல்யாண வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

படி 6: நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

கருவிகள் ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வெந்தவையா என்பதைப் பையைப் பார்த்தே சொல்லலாம், பையின் மேலுள்ள அடையாளம் நிறம் மாறியிருக்கும், அதை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினால் நல்ல பழக்கமுள்ள டாக்டர் என்று அர்த்தம். கேப்பை நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் கண்ணாடியில் நிறத்தைப் பாருங்கள், வெயில் வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. கலர்க் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிக் கடி சரியா என்று பார்ப்பார்கள். மரத்துப்போயிருக்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது, அதனால் ஒட்டிய பிறகு இரண்டு மூன்று நாளாவது ஊரிலிருந்து நன்றாக மென்று பார்த்துவிட்டு, உயரமாகத் தட்டினால் உடனே போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 7: வாயைக் கட்டுங்கள்

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதுதான் கஷ்டமான படி. தற்காலிகக் கேப் மாட்டியிருக்கும் நாட்களில் சீப்புச் சீடை, மாவுருண்டை, தேன்குழல் பக்கமே போகாதீர்கள், கல்யாண வீட்டில் அயித்தை எவ்வளவு கட்டாயப்படுத்தினாலும் சரி. பல் பிடுங்கியிருந்தால் முதல் நாள் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது, வேகமாகக் கொப்பளிக்கக்கூடாது, புகை கூடவே கூடாது, குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாள் வலி உயிரை எடுக்கும். ஆறிய இடியாப்பமும் பாலும், கும்மாயம் (பருப்பு மாவில் கிண்டும் மென்மையான இனிப்பு), குழைந்த சாதம், இளநீரை டம்ளரில் ஊற்றி. இதை வைத்தே நாலு நாள் ஓட்டிவிடலாம், கும்மாயம் கிடைக்கிற ஊரில் இதைப் பத்தியம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இம்பிளாண்டுக்காக மேல்தாடையில் சைனஸை (மூக்கை ஒட்டிய காற்றறை) உயர்த்தி எலும்பு வைத்திருந்தால் மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், எப்போது விமானம் ஏறலாம் என்பதை டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: கையில் கொண்டுபோக வேண்டியவை

முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, செய்த வேலையின் விவரம், ரசீது, மருந்துச் சீட்டு. இம்பிளாண்ட் வைத்திருந்தால் அதன் கம்பெனி, அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ராமன், நோபெல் பயோகேர், ஆஸ்டெம் என்று ஒவ்வொன்றுக்கும் பாகங்கள் வேறு, எந்தக் கம்பெனி என்றே தெரியாத திருகைத் தொட அங்குள்ள டாக்டர்கள் யோசிப்பார்கள்.

போன பிறகு கேப் கழன்றுவிட்டால் பதற வேண்டாம். கழுவி ஒரு டப்பாவில் போட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போனால், உள்ளே பல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடுவார்கள். வீட்டிலிருக்கும் சூப்பர் க்ளூவை மட்டும் எடுக்காதீர்கள். ஒட்டிய கையோடு இங்குள்ள டாக்டருக்கும் ஒரு வாட்ஸப் போடுங்கள்: எந்தப் பல், எந்தத் தேதி, யார் ஒட்டினார்கள். அடுத்த முறை வரும்போது அவருக்கு அது தேவைப்படும்.