ரிவால்வர் ரீலோடிங்: வழக்கமான பவுடர் கிடைக்காதபோது மாற்றுப் பவுடரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்களுக்குக் கடந்த சில ஆண்டுகள் சோதனைக்காலம். 2020-இல் தொடங்கிய தட்டுப்பாடு சில ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் பவுடர் தயாரிக்கும் அலையன்ட் நிறுவனம், பவுடரின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் உலகம் முழுக்கக் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி, கடைகளுக்கு டப்பாப் பவுடர் (தோட்டாவுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும் மருந்து) அனுப்புவதை நிறுத்தி வைத்தது. ரிவால்வர்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்த யூனிக், புல்ஸ்ஐ, 2400 மூன்றுமே அந்த நிறுவனத்தின் சரக்கு. மிதமான தோட்டாவுக்குப் பேர்போன டிரெயில் பாஸ் அதற்கு முன்பே அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது.

அதனால் புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, "புத்தகத்தில் போட்டிருக்கும் பவுடர் இல்லை, வேறு எதைப் போடலாம்?" என்பதாகத்தான் இருக்கிறது. அதற்குத்தான் இந்த விளக்கம். இதில் எத்தனை கிரெய்ன் (பவுடரின் எடை அளவு) போடுவது என்ற எண் ஒன்றுகூட இருக்காது. அந்த எண்ணைப் பவுடர் நிறுவனமோ குண்டு நிறுவனமோ வெளியிட்ட மேனுவலிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். என்னிடமிருந்தும் வேண்டாம், துப்பாக்கி கிளப்பில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்தும் வேண்டாம்.

சட்டம் பற்றி ஒரு வரி. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் விவரம் தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

முதலில் நான்கு சொற்கள்

தோட்டா என்பது முழுப்பொருள். அதில் பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே பவுடர், முன்னே பறந்துபோகும் குண்டு என்று நான்கு பாகங்கள். சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதைத்தான் மறுபடி நிரப்புகிறோம். பவுடரைக் கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். தவறுக்கு எவ்வளவு சின்ன இடம் இருக்கிறது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

படி 1: எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்த வேலை?

பவுடரைத் தேடும் முன் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அமெரிக்கத் தொழில்துறை அமைப்பான சாமி (SAAMI) ஓர் உச்ச அழுத்தம் வகுத்திருக்கிறது. .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகைக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. பிளஸ் பி (அழுத்தம் கூடுதலானது) என்று குறித்த .38-க்கு 20,000. .357 மேக்னம் 35,000. .45 கோல்ட் வெறும் 14,000. குண்டு பெரிதாக இருப்பதால் .45 கோல்ட் முரட்டுத் தோட்டா என்று நினைப்பவர்கள் உண்டு. அழுத்தக் கணக்கில் அதுதான் இந்தப் பட்டியலில் கடைசி.

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டத்துக் குண்டைத்தான் சுடுகின்றன. மேக்னத்தின் கூடு ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீளம், அவ்வளவுதான். .38 துப்பாக்கிக்குள் மேக்னம் தோட்டா தவறிப்போய் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த நீளம் அது. இரண்டுக்கும் அழுத்தம் இரண்டு மடங்கு வித்தியாசப்படுவதால், மேனுவலில் இரண்டின் பக்கங்களையும் குழப்பிக்கொள்ளவே கூடாது.

வேலை என்பது, காகித இலக்கில் மெதுவாகச் சுடுவதா, முழு வேக மேக்னம் தோட்டாவா என்பது. மாற்றுப் பவுடர் பழைய பவுடர் செய்த வேலையைச் செய்தால் போதும். அதே வேகத்தை எட்ட வேண்டும் என்று அவசியமில்லை.

உங்களுடையது பழங்காலத் துப்பாக்கி என்றால் இங்கேயே நில்லுங்கள். கோல்ட் நிறுவனம் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வருக்குப் புகையில்லாப் பவுடர் (இன்றைய வழக்கமான பவுடர்) உத்தரவாதம் தரத் தொடங்கியது 1900 வாக்கில். அதற்கு முந்தையவை அதற்கும் பழைய கரிமருந்துக்கென்று செய்தவை. பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற கரிமருந்து மாற்றுகள் தனிச் சாதி. அவற்றை எடையால் அல்லாமல் கொள்ளளவால் அளப்பது வழக்கம். அவற்றைப் போட வேண்டிய இடத்தில் புகையில்லாப் பவுடரைப் போட்டால் துப்பாக்கியும் கையும் போய்விடும். இனி வருவதெல்லாம் புகையில்லாப் பவுடருக்கு.

படி 2: எரிவேகப் பட்டியலை எதற்குப் பார்க்க வேண்டும்?

புகையில்லாப் பவுடர்களை வேகமாக எரிவதிலிருந்து மெதுவாக எரிவது வரை வரிசைப்படுத்திய பட்டியல்கள் உண்டு. ரிவால்வருக்கு வருபவை பொதுவாக அதன் மேல்பாதியில் இருக்கும். புல்ஸ்ஐ, டைட்குரூப் போன்றவை வேகமானவை. அவற்றுக்குச் சற்றுக் கீழே 231. யூனிக், யூனிவர்சல் நடுவில். 2400, ஹெச்110 மெதுவானவை, மேக்னம் வேலைக்கு.

வேகப் பவுடர் கொஞ்சம் போதும். அழுத்தம் சட்டென்று ஏறி, குண்டைத் தள்ளிவிட்டு இறங்கிவிடும். மெதுவான பவுடர் நிறையப் பிடிக்கும். குண்டு நகர நகரவும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மேக்னத்துக்கு அந்த நீண்ட தள்ளல் தேவை. மிதமான .38-க்கு அது வீண் செலவு. பாதி எரியாமல் துகள்கள் தோட்டாக்கள் அமரும் சிலிண்டரெங்கும் கொட்டிக் கிடக்கும்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பட்டியலில் இரண்டு பவுடர் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றின் எடையை இன்னொன்றுக்குப் போடலாம் என்று எண்ணுகிறார்கள். கூடாது. அந்தப் பட்டியல் வெறும் வரிசை; இரண்டு பெயர்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று அது சொல்வதில்லை. தோட்டா மாறினால், அழுத்தம் மாறினால் வரிசையே இடம் மாறும். நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியலும் ஒத்துப்போகாது. நாலைந்து பெயர்களைப் பொறுக்கி எடுக்கத்தான் அது உதவும். பொறுக்கியாயிற்றா, பட்டியலை மூடி வைத்துவிடுங்கள்.

படி 3: மேனுவலில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா?

பொறுக்கிய பெயர்களை எடுத்துக்கொண்டு ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற பவுடர் நிறுவனங்களின் தரவுகளையும், லைமன், ஸ்பியர், ஹார்னடி வெளியிடும் மேனுவல்களையும் பாருங்கள். உங்கள் தோட்டா, உங்கள் குண்டின் எடை, அதோடு குண்டின் வகை, மூன்றும் பொருந்தும் வரி இருக்க வேண்டும். வார்ப்பு ஈயக் குண்டும் செம்பு உறை போட்ட குண்டும் ஒரே எடையாக இருந்தாலும் பீப்பாய்க்குள் உராய்வு வேறு. குண்டின் நீளம் மாறினால் அது கூட்டுக்குள் இறங்கும் ஆழமும் மாறும். பவுடருக்குக் கிடைக்கும் இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும்.

வரி இல்லையா? அந்தப் பவுடர் உங்கள் பட்டியலிலிருந்து நீங்கியது. கடையில் அது ஒன்றுதான் இருக்கிறது என்பது வாங்குவதற்குக் காரணம் ஆகாது. இரண்டு வரிகளுக்கு நடுவே சராசரி போட்டு எண் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. நல்லது: வின்செஸ்டர் 231-உம் ஹாட்ஜ்டன் ஹெச்பி-38-உம் ஒரே பவுடர், டப்பாதான் வேறு. ஹெச்110-உம் வின்செஸ்டர் 296-உம் அப்படியே. ஒன்று தீர்ந்துபோனால் மற்றது உண்மையான மாற்று. மாற்று தேடுவதில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது, பலருக்கு இது தெரியாமலே கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கெட்டது: பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் பவுடர் ஒன்றாகிவிடாது. கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யூனிவர்சல் கிளேஸ் என்று மூன்று வந்தன. மூன்றும் வெவ்வேறு வேகம். டப்பாவில் உள்ள பெயர் மேனுவலில் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

படி 4: கூடு எவ்வளவு நிறையும்?

என்னைக் கேட்டால் ரிவால்வருக்கு மாற்றுப் பவுடர் தேர்ந்தெடுப்பதில் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது. ஆனால் தொடக்கக்காரர்களுக்கான பல விளக்கங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

.38 ஸ்பெஷலும் .45 கோல்ட்டும் கரிமருந்துக் காலத்தில் பிறந்தவை. கரிமருந்து நிறைய இடம் பிடிக்கும்; அதற்காகக் கூடு பெரிதாகச் செய்யப்பட்டது. இன்றைய அடர்த்தியான பவுடரை அதில் போட்டால் அடியில் ஒரு சிட்டிகை கிடக்கும், மேலே எல்லாம் காலி. இதனால் இரண்டு தொல்லைகள்.

முதலாவது, இரட்டைச் சுமை. கை தவறி ஒரே கூட்டில் இரண்டு தடவை பவுடர் விழுந்துவிட்டால், அடர்த்தியான பவுடராக இருந்தால் இரண்டும் உள்ளே அடங்கிவிடும். மேலிருந்து பார்த்தாலும் சட்டென்று தெரியாது. டைட்குரூப்பும் புல்ஸ்ஐயும் சிக்கனமானவை, ஒரு பவுண்டில் நிறையத் தோட்டா வரும் என்று பரிந்துரைப்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கனமே தொடக்கக்காரருக்கு ஆபத்து. யூனிக் மாதிரி பருத்துப் பரவும் பவுடர் கூட்டில் உயர்ந்து நிற்கும். இரண்டு தடவை விழுந்தால் கண்ணில் பட்டுவிடும், அல்லது வழிந்துவிடும். டிரெயில் பாஸ் துளைவிட்ட வளையம் மாதிரியான துகள்களோடு வந்ததே பழைய பெரிய கூடுகளை நிரப்பத்தான். இரண்டு பவுடர் எல்லாவற்றிலும் சமம் என்றால், தொடக்கக்காரர் பருத்ததை எடுக்க வேண்டும். பவுண்டுக்குச் சில டாலர் கூடுதலாகப் போனால் போகட்டும்.

இரண்டாவது, பவுடர் கிடக்கும் இடம். கூடு பெரும்பாலும் காலியாக இருந்தால், துப்பாக்கியைக் கீழே சாய்த்து நிமிர்த்தும்போது பவுடர் குண்டுப் பக்கம் ஓடிவிடும். மேலே தூக்கி இறக்கினால் பிரைமர் பக்கம் வந்துவிடும். சில பவுடர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஒரே பெட்டித் தோட்டாவில் வேகம் ஏறி இறங்கும். சில பவுடர்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி இருந்தால் இரண்டு விதமாகவும் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

படி 5: மேக்னம் என்றால் ஹெச்110-இன் எச்சரிக்கையைப் படியுங்கள்

பொதுவாக, குறைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹெச்110, 296 விஷயத்தில் அது பொய். மேனுவலில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று ஹாட்ஜ்டன் எச்சரிக்கிறது. இந்தப் பவுடர் ஒழுங்காக எரிய அழுத்தமும், கூடு நிறைந்திருப்பதும் தேவை. குறைத்தால் சரியாகப் பற்றாமல், குண்டு பீப்பாய்க்குள்ளேயே சிக்கி நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் பீப்பாய் வீங்கும் அல்லது வெடிக்கும்.

ஆகவே மேக்னம் கூட்டில் மிதமான தோட்டா வேண்டுபவர் ஹெச்110-ஐ மாற்றாக நினைக்கவே வேண்டாம். 2400 இந்த விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இன்னும் மிதம் வேண்டும் என்றால் யூனிக் வகைக்கு வந்துவிடுங்கள். மேனுவல் மேக்னம் பிரைமர் (வலுவான தீப்பொறி தருவது) என்று குறித்திருந்தால் அதையே போடுங்கள். சாதாரணம் என்றிருந்தால் சாதாரணம். பிரைமரை மாற்றினாலும் கணக்கு மாறிவிடும்.

படி 6: பவுடர் வந்தாயிற்று, இனி எல்லாம் முதலிலிருந்து

மாற்றுப் பவுடர் என்றால் உங்கள் பழைய தோட்டாவில் ஒரு பொருளை மட்டும் மாற்றியதாகக் கருதக் கூடாது. இது புதுத் தோட்டா. மேனுவலின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.

பவுடர் அளவியில் பழைய அமைப்பு அப்படியே இருந்தால் அதைக் கலைத்துவிடுங்கள். அளவி கொள்ளளவால் அளக்கிறது; பவுடர் மாறினால் அதே கொள்ளளவில் எடை வேறாகும். துளைத்தட்டு வகை அளவி (பல அளவுத் துளைகள் உள்ள தட்டால் அளப்பது) என்றால் புதுப் பவுடருக்கு எந்தத் துளை என்று மறுபடி தராசில் பார்க்க வேண்டும். முதலில் விழும் சில சுமைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடை நிலைத்த பிறகே கூடுகளுக்குப் போங்கள். எல்லாக் கூடுகளையும் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வாயிலும் எட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதைத் தவிர்க்க எந்த அவசரமும் காரணம் அல்ல.

சுடும்போது சத்தத்தைக் கேளுங்கள். ஒரு தோட்டா மட்டும் மந்தமாக ஒலித்தால் உடனே நிறுத்தி, இறக்கி, பீப்பாய் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சுட்ட கூடுகள் சிலிண்டரிலிருந்து இறுக்கிக்கொண்டு வந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ஆனால் எளிதாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. .38 ஸ்பெஷல், .45 கோல்ட் மாதிரி குறைந்த அழுத்தத் தோட்டாவில், கூடு அறிகுறி காட்டும் நேரத்துக்கு வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். மேனுவலின் உச்ச அளவுதான் உங்கள் வரம்பு. கூட்டிடம் அனுமதி கேட்டு அதைத் தாண்டாதீர்கள்.

படி 7: மேசையும் அலமாரியும்

தட்டுப்பாட்டுக் காலத்தில் ஆளுக்கு ஐந்தாறு வகை டப்பா சேர்ந்துவிடுகிறது. மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா, ஒரே ஒரு வகைப் பிரைமர். வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். இரண்டு பவுடரைக் கலக்கவே கூடாது. மிச்சம் கொஞ்சம்தானே என்று ஊற்றிவிட்டால் முழு டப்பாவும் குப்பைக்குத்தான்.

கண்ணாடி ஜாடிக்கு மாற்றுவதும் வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் விதிப்படி, வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியில் வைக்க வேண்டும். உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த, உலர்ந்த இடம் நல்லது.

தோட்டாப் பெட்டியில் பவுடர் பெயர், எடை, குண்டு, பிரைமர், தேதி ஐந்தையும் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் பழைய சாமான் விற்பனையில் மலிவாகக் கிடைக்கிறது என்று திறந்த டப்பாவை வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது வெளியே எழுதியிருப்பதுதான் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. டப்பாவைத் திறந்ததும் நெடி மூக்கைத் துளைத்தாலோ, செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ அது கெட்டுப்போன பவுடர். அதையும் பெயர் தெரியாத பவுடரையும் வைத்திருப்பதில் பயன் இல்லை. அமெரிக்காவில் பலர் அதைப் புல்தரையில் மெலிதாகத் தூவிவிடுகிறார்கள். நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்குக் கொஞ்சம் உரம்.