ஷவருக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டரா, டேங்க் ஹீட்டரா? வேலூர் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் சத்துவாச்சாரியில் மதியம் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர்தான். ஹீட்டர் தேவைப்படுவது மார்கழி, தை அதிகாலைகளில். மற்ற மாதங்களில் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் வேண்டியிருக்கும். தண்ணீர் ஓடும்போதே சூடாக்குவது இன்ஸ்டன்ட் ஹீட்டர்; உள்ளே சேர்த்துச் சூடாக்கி வைப்பது டேங்க் ஹீட்டர். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரையும் நட்சத்திரத்தையும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுத் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது, அதில் எவ்வளவு உப்பு என்று பார்த்திருந்தால் பாதித் தவறுகள் நடந்திருக்காது.

3 கிலோவாட்டில் ஷவர் குளியலை எதிர்பார்ப்பது

ஷவருக்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்து, முழுசாகத் திறந்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். தொட்டி நல்ல உயரத்தில் இருக்கும் வீட்டில் 8, 9 லிட்டர் சேரும். விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வையுங்கள். குளிக்க இதமான சூடு 39 டிகிரி. நிமிடத்துக்கு 9 லிட்டரை அந்த 15 டிகிரி ஏற்ற 9.4 கிலோவாட் வேண்டும். இங்கிலாந்தில் குளியலறைச் சுவரில் மாட்டும் எலெக்ட்ரிக் ஷவர்கள் 8.5, 9.5, 10.5 கிலோவாட்டில் வருவது இதனால்தான். அதற்கென்றே தடித்த ஒயரைத் தனியாக இழுக்கிறார்கள்.

நம் ஊரில் பரவலாக விற்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3 கிலோவாட். அதே கணக்கில் நிமிடத்துக்கு 2.9 லிட்டர்தான் இதமான சூட்டில் வரும். ஷவரில் விட்டால் நூல் மாதிரி ஒழுகும். வேகமாகத் திறந்தால் வெதுவெதுப்புகூட மிஞ்சாது. ‘3 லிட்டர்’ மாடல் என்றாலும் முதல் சில நொடிகள் சூடாகக் கொட்டும், அவ்வளவுதான்.

வோல்டேஜ் விழுந்தால் இன்னும் மோசம். 230க்குப் பதில் 190 வோல்ட் வந்தால் 3 கிலோவாட் ஹீட்டர் 2 கிலோவாட் வேலைதான் செய்யும். 5 நிமிடத்தில் நிரம்ப வேண்டிய 15 லிட்டர் பக்கெட் நிரம்ப ஏழரை நிமிடம் ஆகும். டேங்க் ஹீட்டரிலும் இதே இழப்பு உண்டு. அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருந்தால் சரியாகிவிடும்.

பக்கெட்டில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டுக்கும், சமையலறைத் தொட்டிக்கும், ஒருவர் மட்டும் இருக்கும் காட்பாடி வாடகை அறைக்கும் இன்ஸ்டன்ட் தாராளமாகப் போதும். ஏலகிரியில் வீடு என்றால் இன்ஸ்டன்ட் பேச்சே வேண்டாம்; அங்கே தண்ணீர் இன்னும் குளிர்ந்து வரும்.

டேங்க்கின் லிட்டரைத் தப்பாகக் கணக்குப் போடுவது

60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 24 டிகிரி தண்ணீரோடு மிக்ஸரில் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) கலந்தால் 39 டிகிரியில் 36 லிட்டர் வரவேண்டும். உள்ளே பச்சைத் தண்ணீர் புகுந்து கலப்பதால் 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. மூன்றரை நிமிட ஷவர், அல்லது இரண்டு பக்கெட். மறுபடி சூடாக 2 கிலோவாட்டில் 20 நிமிடம். காலையில் நான்கு பேர் வரிசையில் நின்று ஷவரில் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டருக்குக் குறைத்து வாங்கக் கூடாது. அதிலும் நடுவே ஒரு முறை காத்திருக்க வேண்டிவரும்.

இரண்டு லைனுக்கும் வேறு வேறு அழுத்தம்

10 அடி உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம். தொட்டி மொட்டை மாடித் தளத்திலேயே உட்கார்ந்திருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள மேல்மாடி ஷவருக்குக் கிடைப்பது நாலு அடி, அதாவது 0.12 பார். அகலமான ‘ரெயின் ஷவர்’ அங்கே சொட்டத்தான் செய்யும்.

உடனே பிரஷர் பம்ப் போடுகிறார்கள். அதைப் பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் கொடுப்பதுதான் வினை. மிக்ஸரைத் திறந்ததும் பச்சைத் தண்ணீர் வெந்நீரை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். சோலார் வாட்டர் ஹீட்டர் இணைத்த வீட்டில் அந்தத் தண்ணீர் வெந்நீர்க் குழாய் வழியே மாடிக்கு ஏறி, சோலார் டேங்க்கின் காற்றுக் குழாயில் வழியும். டேங்க் ஓட்டை என்று ஆள் கூப்பிடுவார்கள். பம்ப் போட்டால் இரண்டு லைனுக்கும் சேர்த்துப் போடுங்கள், அல்லது இரண்டையும் தொட்டியிலிருந்தே இறக்குங்கள். மிக்ஸரைத் திறந்து வைத்துவிட்டுக் கைஷவரின் விசையில் மட்டும் தண்ணீரை நிறுத்தினாலும் இரண்டு லைனும் இப்படித்தான் கலந்துகொள்ளும்.

உப்பைக் கணக்கில் எடுக்காதது

போர் தண்ணீர் ஓடும் வீட்டில் இரண்டு மூன்று வருஷம் கழித்து, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கம்பி தெரியாது, சுண்ணாம்பு பூசிய விரல் மாதிரி இருக்கும். உப்புப் படிவு சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாது. எலிமென்ட் தானே காய்ந்து வெடிக்கும், அல்லது கட்‑ஆஃப் (சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் பாதுகாப்பு விசை) அடிக்கடி விழும். கட்‑ஆஃபை ‘டைரக்ட்’ செய்து (அது இல்லாமலே ஒயரை இணைத்து) கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். இன்ஸ்டன்ட்டில் தண்ணீர் ஓடும் இடம் சிறிசு என்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றினால், பாதி உப்பு அப்படியே இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை கரண்டை நிறுத்தி, வடித்து, எலிமென்ட்டைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் கூடவே கூடாது, எவர்சில்வரை அரித்துவிடும். டேங்க்குக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்துகொடுப்பது அது. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

ஒயரும் குழாயும்

3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் உருகும். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்), நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இவற்றில் எதையும் விடக் கூடாது. வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.யாகத்தான் இருக்க வேண்டும், சாதாரண பி.வி.சி. 60 டிகிரியில் இளகும். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் நிற்கும் ஆறிய தண்ணீரே கிட்டத்தட்ட 4 லிட்டர். சோலாருக்கு மாடியிலிருந்து தரைத்தளத்துக்குக் குழாய் இழுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டேங்க் ஹீட்டரின் பச்சைத் தண்ணீர் வாயில் இருக்கும் பித்தளை வால்வு. சூடேறும்போது தண்ணீர் விரிவதால் அது சொட்டுவது இயல்பு. தரை ஈரமாகிறதென்று அதில் டம்மி அடித்து அடைத்துவிடுகிறார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கட்‑ஆஃபும் ஒரே நாளில் மக்கர் செய்தால் உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு வேறு வழி கிடையாது, டேங்க் வெடிக்கும். ஒரு சிறு ட்யூபை மாட்டித் தரைச் சாக்கடைப் பக்கம் இறக்கிவிட்டால் போதும்.