மீன் டேங்க்ல வெக்கிற பிளாஸ்டிக் செடியில பாசி புடிச்சா எப்படி கழுவுறது, மீனுக்கு ஒண்ணும் ஆகாம

உயிர்ச்செடின்னா பராமரிப்பு ஜாஸ்தி, பிளாஸ்டிக்னா தொல்லையே இல்லன்னு நெனச்சுதான் நம்மள்ல பாதி பேரு அதை வாங்குறோம். நானும் அப்படித்தான் சென்னையில வண்ண மீன் கடைங்க இருக்குற கொளத்தூர் போயி பேரம் பேசி நாலு செடி அள்ளிட்டு வந்தேன், ரெண்டே மாசத்துல பச்சை இலை எல்லாம் காப்பித்தூள் தடவின மாதிரி ஆயிடுச்சு. சரி கழுவிடலாம்னு பாத்திரம் வெளக்குற லிக்விட் ஊத்தி பளபளன்னு தேய்ச்சு, நல்லா அலசிட்டுதான் உள்ள வெச்சேன், ராத்திரி பாத்தா கோல்டு ஃபிஷ் ரெண்டும் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது. அடிச்சுப் புடிச்சு பாதி தண்ணி மாத்துனதுல ஒண்ணு பொழச்சுது, இன்னொண்ணு காலையில மெதந்துச்சு. சோப்பு மொதல்ல கை வைக்கிறது மீனோட செவுள்லதான். இலை மடிப்பு, தண்டு சொருகுற ஓட்டை, இதுல எல்லாம் அது ஒளிஞ்சு கெடக்கும், போயிடுச்சான்னு கண்ணுல பாத்து சொல்லவே முடியாது. பாசியால அந்த மீனுக்கு ஒரு கேடும் வரல, நான் கழுவுன லட்சணத்தாலதான் வந்துச்சு.

அதனால மொதல்ல என்ன பாசின்னு பாருங்க, எல்லாத்துக்கும் மருந்து தேவையே இல்ல. விரல்ல தேய்ச்சா பழுப்பு மாவு மாதிரி வந்துடுச்சுன்னா அது டயட்டம், புது டேங்க்ல மொதல் சில வாரம் சகஜம், கொஞ்ச நாள்ல தானாவே கொறஞ்சுடும். பச்சை நூல் மாதிரி தொங்குறதையும் கையாலயே உருவிடலாம். இலையில பச்சைப் புள்ளி புள்ளியா கெட்டியா ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்குதான் பிரஷ் வேணும். ஓரத்துல கறுப்பு தாடி மொளச்ச மாதிரி குச்சி குச்சியா நிக்கிறதுதான் இருக்குறதுலயே பிடிவாதக்காரன், பாக்க கறுப்பா இருந்தாலும் அது சிவப்புப் பாசி வகை, தேய்ச்சா போகாது. இன்னொண்ணு நீலப்பச்சையா வழவழன்னு போர்வை மாதிரி மூடிட்டு ஒரு மண்ணு நாத்தம் அடிக்கும், அது உண்மையில பாசியே இல்ல, பாக்டீரியா. அதை டேங்குக்குள்ள வெச்சே தேய்ச்சீங்கன்னா துண்டு துண்டா பிஞ்சு எல்லா பக்கமும் பரவும், செடியை அப்படியே வெளிய எடுத்துடுங்க.

வாராவாரம் தண்ணி மாத்துவீங்கல்ல, அந்த பழைய தண்ணிய கீழ ஊத்தாம ஒரு பக்கெட்ல புடிச்சு வெச்சு, அதுல செடியை முக்கி புது டூத் பிரஷ்ஷால தேய்ங்க. வீட்டுல யூஸ் பண்ணின பழைய பிரஷ் வேணாம், பேஸ்ட் ஒட்டியிருக்கும், பக்கெட்டும் துணி தொவைக்காத தனி பக்கெட்டா இருக்கணும். அடியில இருந்து நுனி பக்கமா ஒரே வாக்குல தேய்ச்சா இலை கழண்டு வராது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர் ரெண்டும் கிட்டயே வரக்கூடாது, பிளாஸ்டிக்ல கீறல் விழுந்துச்சுன்னா அடுத்த பாசி அந்த கீறல்லதான் வேர் விட்ட மாதிரி உக்காரும். முக்காவாசி அழுக்கு இதுலயே போயிடும், போகலன்னாதான் அடுத்த கட்டம்.

அடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு, மெடிக்கல் ஷாப்ல கெடைக்கும், என் சாய்ஸ் எப்பவுமே இதுதான். ஏன்னா இது கடைசியில வெறும் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிஞ்சுடும், வேண்டாததை விட்டுட்டு போகாது. பாட்டில்ல 20 வால்யூம்னு போட்டிருந்தா அது 6 சதவீதம், சமமா தண்ணி கலந்தா 3 சதவீதம் ஆயிடும், அது போதும். கையுறை போட்டுக்கோங்க, வெறும் கையில பட்டா தோல் வெள்ளையா ஆகி எரியும். செடியை டேங்குக்கு வெளிய ஒரு டப்பாவுல 10 நிமிஷம் ஊற விட்டா நுரை நுரையா கெளம்பும், அதுக்கப்புறம் பிரஷ் போட்டா வெண்ணெய் மாதிரி வரும். கறுப்பு தாடி மட்டும் உடனே போகாது, கொஞ்ச நேரத்துல இல்ல மறுநாள் அது ரோஸ் கலருக்கு மாறிச்சுன்னா செத்துடுச்சுன்னு அர்த்தம், அப்புறமா தேய்ங்க.

இதுக்கும் மசியலன்னா கடைசி ஆயுதம் ப்ளீச். வாசனை இல்லாத, சோப்பு கலக்காத திரவ ப்ளீச்தான் வேணும், லேபிள்ல சோடியம் ஹைப்போகுளோரைட் தவிர வேற எதுவும் சேத்திருந்தா வாங்காதீங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி, ஜன்னல் தொறந்து வெச்சு, பிளாஸ்டிக் செடின்னா 5 நிமிஷம், அதுக்கு மேல போனா பாசியோட சேந்து செடியோட கலரும் போயிடும். இந்த எடத்துல நல்லா கவனிங்க, ப்ளீச்சோட வினிகரோ, எலுமிச்சையோ, டாய்லெட் கழுவுற ஆசிட்டோ சேரவே கூடாது, குளோரின் கேஸ் கெளம்பி உங்களுக்கே மூச்சு முட்டும். போர் தண்ணி வீடுங்கள்ல செடி மேல வெள்ளையா உப்பு படிஞ்சு அதுக்கு வினிகர் போடுவாங்க, போடுங்க, தப்பில்ல, ஆனா அது வேற நாளைக்கு. பெராக்சைடும் ப்ளீச்சும் கூட ஒரே டப்பாவுல வேணாம்.

ப்ளீச் போட்டதுக்கப்புறம்தான் உண்மையான வேலையே. ஓடுற தண்ணியில நல்லா அலசிட்டு, ஒரு பக்கெட் தண்ணியில மீன் கடையில குடுக்குற ஆன்டி குளோரினை பாட்டில்ல போட்டிருக்குற அளவுக்கு மூணு மடங்கு ஊத்தி செடியை அரை மணி நேரம் முக்கி வைங்க. அதே கடையில கல்கண்டு மாதிரி குடுப்பாங்களே, ஹைப்போன்னு, போட்டோ ஸ்டூடியோவுல பிலிம் கழுவுனதும் அதேதான், அதையும் கரைச்சு ஊத்தலாம். அப்புறம் எடுத்து முழுசா காய விடுங்க, மூக்கு கிட்ட வெச்சு மோந்து பாருங்க, நீச்சல் குள வாசனை லேசா வந்தா கூட திரும்ப ஹைப்போ தண்ணிக்கே போகட்டும். பல பேரு கோட்டை விடுறது செடியோட அடியில சிமென்ட் மாதிரி, பீங்கான் மாதிரி ஒரு கட்டை இருக்குமே, அதுலதான். அது ப்ளீச்சை பஞ்சு மாதிரி உறிஞ்சு வெச்சுக்கிட்டு டேங்குக்குள்ள போயி மெதுவா கக்கும். அதனால அந்த மாதிரி செடின்னா நான் ப்ளீச்சே தொடுறதில்ல, பெராக்சைடோட நிறுத்திக்குவேன்.

துணியில செஞ்ச பட்டு செடியும் அதே கதைதான், ப்ளீச்சுல வெளுத்துடும், ஒட்டுன கோந்தும் விட்டுப் போயிடும், உள்ள இருக்குற கம்பி வெளிய தெரிஞ்சு துருப்புடிக்க ஆரம்பிச்சுதுன்னா தூக்கி போட்டுடுங்க. கொதிக்குற தண்ணியும் வேணாம், மெல்லிசு பிளாஸ்டிக் சுருண்டு அப்பளம் மாதிரி ஆயிடும். ஃபைட்டர் மீன் வளக்குறவங்க காஞ்ச செடியை ஒரு பழைய நைலான் துப்பட்டா மேல இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா மீனோட செதிலும் துடுப்பும் மாட்டும், பழைய பிளாஸ்டிக் நாளாக ஆக ஓரம் மொறமொறப்பா ஆயிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், எல்லா செடியையும் ஒரே நாள்ல எடுத்து கழுவாதீங்க, அன்னிக்கே ஃபில்டர் ஸ்பாஞ்சையும் பிழியாதீங்க. மீனோட கழிவுல வர்ற அமோனியாவை ஒடைக்கிற நல்ல பாக்டீரியா இந்த எலை மேலயும்தான் குடியிருக்கு, மொத்தமா காலி பண்ணிட்டா தண்ணி பளிச்சுன்னு இருக்கும், மீன் சோந்து போயி மூலையில நிக்கும். வாரத்துக்கு ரெண்டு செடி போதும்.

பாசி திரும்ப திரும்ப வருதுன்னா லைட்டைப் பாருங்க. பிளாஸ்டிக் செடிக்கு வெளிச்சம் எதுக்கு, நாம பாக்குறதுக்குதான, ஒரு நாளைக்கு 6 மணி நேரம் தாராளம், ஒரு டைமர் பிளக் மாட்டிட்டா மறந்தும் போகாது. ஜன்னல் வெயில் நேரா விழற எடத்துல டேங்க் இருந்துச்சுன்னா எவ்ளோ தேய்ச்சாலும் வீண் வேலைதான், எடம் மாத்துங்க இல்ல ஸ்கிரீன் போடுங்க. இரை ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுக்கு மட்டும், வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க. உயிர்ச்செடின்னா தண்ணில இருக்குற நைட்ரேட்டை அதுவும் பங்கு போட்டுக்கும், உங்க டேங்க்ல அதுக்கு போட்டியே கெடையாது, மொத்தமும் பாசிக்குதான் விருந்து.

கடைக்காரர் "டேங்க் கிளீனர்" மீன் ஒண்ணு போடுங்க சார், அதுவே தின்னுடும்னு சொல்லுவாரு. விரல் நீளத்துல வாங்குவீங்க, அது ஒரு அடிக்கு மேல வளரும், அது தின்னு போடுற கழிவுல பாசி இன்னும் ஜாஸ்தி ஆகும். பெருசாயிடுச்சுன்னு பக்கத்து ஏரியில விட்டுடாதீங்க, அப்படி விட்டு விட்டே நம்ம ஊர் நீர்நிலைங்க பலதுல அது பெருகிக் கெடக்கு. நான் அதுக்குப் பதிலா ரெண்டாவது செட் செடி வாங்கிட்டேன், ஒண்ணு தண்ணியில, ஒண்ணு மொட்டை மாடியில வாளிக்கு அடியில நிழல்ல காயுது, வெயில்ல போட்டா கலர் போயிடும்.