நடை சாத்தும் நேரம், குழந்தை தூங்கும் நேரம்: காவிரிப் படுகையில் சிறு பிள்ளைகளுடன் பயணம்

காவிரிப் படுகையில் எல்லா ஊரும் பக்கத்து ஊர்தான். கும்பகோணத்திலிருந்து தாராசுரம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர், சுவாமிமலை 8, தஞ்சாவூர் 40. சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தொல்லை தருவது இந்தக் கிட்டம்தான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஒன்றையும் பார்த்துவிடலாம்" என்று பெரியவர்கள் சேர்த்துக்கொண்டே போக, பிற்பகலுக்குள் குழந்தை சோர்ந்து, அழுது, சாப்பாட்டையும் மறுத்துவிடுகிறது.

இதை நானே செய்திருக்கிறேன். என் மூத்த மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும் என்று விடியற்காலையில் வண்டி பிடித்துக் கிளம்பினோம். பதினொன்றரை மணிக்கு, நான்காவது கோயிலின் பிராகாரத்தில், கல் தளத்தில் இறக்கிவிட்ட பிள்ளை ஒரு காலைத் தூக்கி மறு காலை ஊன்றி, மறுபடி மாற்றி ஊன்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் இரண்டு பாதங்களின் மேலும் ஏறி நின்றுகொண்டாள். அழவில்லை. என் புடவையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். அன்று மீதி ஐந்து கோயில்களை விட்டுவிட்டுத் திரும்பினோம். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடும், சென்னையிலிருந்து வரும் உறவுக்காரக் குழந்தைகளோடும் பல முறை இந்தப் பகுதியைச் சுற்றியிருக்கிறேன். கற்றுக்கொண்ட முறை எளிமையானது.

இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கின்றன. சிறு குழந்தைகள் உண்டு உறங்கும் நேரமும் அதுவே. ஆகவே காலை ஆறரை மணிக்குக் கிளம்பி, ஓர் இடத்தை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பத்தரை மணிக்குள் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். குளிப்பாட்டி, சோறூட்டி, மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரமாவது தூங்க வையுங்கள். மாலை நாலரைக்குமேல் இன்னோர் இடம் போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் என்பதே கணக்கு, மூன்றாவது வேண்டாம். இதற்கு ஒரே ஊரில், குறைந்தது இரண்டு இரவு, அறை எடுத்துத் தங்க வேண்டும். கும்பகோணம் இதற்கு மிகவும் வசதி. நாளுக்கொரு ஊரில் அறை மாற்றினால் குழந்தைக்குத் தூக்கம் கெடும்.

எதை எப்போது பார்ப்பது என்பதையும் பிள்ளையின் கால்களை நினைத்தே முடிவுசெய்யுங்கள். 1010-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலை மாலையில் வைத்துக்கொள்வது நல்லது. வெயில் தாழ்ந்த பிறகு, பரந்த திருச்சுற்றில் குழந்தை மனம்போல் ஓடலாம். தாராசுரத்துக்குக் காலையில் போங்கள். தேர்போலச் செதுக்கிய மண்டபத்தில் கல் சக்கரமும் குதிரையும் பிள்ளையின் கண் உயரத்திலேயே இருக்கும். மூன்று வயதுக் குழந்தை அங்கே அரை மணி நேரம் நிற்கும். தரங்கம்பாடியில் 1620-இல் டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டையும் கடற்கரையும் மாலைக்கு ஏற்றவை. ஓலைச்சுவடிகளும் அருங்காட்சியகங்களும் பிள்ளை வளர்ந்த பிறகு பார்க்க வேண்டியவை.

கோயில் தளத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தால் அதை விட்டு இறங்காதீர்கள். கெட்டியான பருத்திக் காலுறை ஒரு சோடி எப்போதும் பையில் இருக்கட்டும். தள்ளுவண்டி இங்கே பயன்படாது. உயர்ந்த நிலைப்படிகளும் மேடுபள்ளமான கல் தளமும் அதை உருள விடுவதில்லை. ஒன்றரை வயது வரை உடலோடு கட்டிக்கொள்ளும் துணிப்பை போதும், அதற்கு மேல் இடுப்புதான். பழைய பருத்திப் புடவை ஒன்றை மடித்து எடுத்துவாருங்கள். பால் கொடுக்கும்போது மறைப்பு, மண்டபத்தில் விரிப்பு, ஓடும் வண்டியில் போர்வை, ஈரத்துக்குத் துண்டு என ஒரு புடவை பத்துப் பொருள்களின் வேலையைச் செய்யும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பயணம் பெரும்பாலும் கெடுவது வயிற்றில்தான். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். கோடையிலும் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கெனப் பாலூட்டும் அறைகள் அமைத்திருக்கிறார்கள், கேட்டுப் பயன்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் நாள் பயணத்தில் வீட்டுச் சாப்பாடே நல்லது. இட்லியின் மேல் நெய் தடவி, வாழை இலையில் பொதிந்து எடுத்துச் செல்லலாம். தேங்காய்ச் சட்னி வெயிலில் ஊசிப்போகும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். தயிர்ச்சோற்றுக்கு எங்கள் வீட்டுப் பக்குவம் இது: சோற்றை நன்றாகக் குழைய வடித்து, சூடு ஆறியதும் காய்ச்சிய பாலை விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து மூடிவிட வேண்டும். காலையில் பிசைந்தது பதினொரு மணிக்குப் புளிக்காமல், அப்போதுதான் உறைந்த பதத்தில் இருக்கும். நண்பகலைத் தாண்டி அதை வைத்திருக்க வேண்டாம்.

உணவகத்தில் சாப்பிட நேர்ந்தால், கண்ணெதிரே ஆவி பறக்க இறக்கும் இட்லி, சூடான சாதம், காரமில்லாத பருப்பு, நெய் ஆகியவை போதும். தோல் உரித்துச் சாப்பிடும் பூவன் பழம் எங்கும் கிடைக்கும். வெட்டி வைத்த பழமும் பனிக்கட்டி போட்ட சாறும் வேண்டாம். கோயிலில் கொடுக்கும் சுண்டலை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விரலால் நசுக்கிக் கொடுங்கள். அன்போடு யாராவது கற்கண்டை நீட்டினாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவுவதும் கூடாது, அது எந்தச் சன்னிதிப் பிரசாதமானாலும்.

வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலங்கள் குறைந்தது நான்கு கையில் இருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவு நீரை, கூட்டாமல் குறைக்காமல், காய்ச்சி ஆறவைத்து, அதில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். மருந்துக்கடையில் காகிதப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றல்ல. வயிற்றுப்போக்கோடு நாக்கு வறண்டு, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் பிள்ளை துவண்டு கிடந்தால், ஊர் திரும்பலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது; கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, மருந்துப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வருவதானால் சிறு பிள்ளைகளுக்கு இரவு ரயிலே என் தேர்வு. உழவனிலோ மன்னையிலோ ஏறினால் குழந்தை தூங்கியபடியே வந்து சேரும். பகலில் ஓடும் சோழன், சன்னல் வழியே வயலும் ஆறும் பார்க்கும் வயது வந்த பிள்ளைகளுக்கு நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். கீழ்ப் படுக்கையில் குழந்தையைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து நீங்கள் வெளிப்பக்கம் படுங்கள். பேருந்திலும் காரிலும் குமட்டும் பிள்ளையை முன்புறம் பார்த்து உட்கார வைத்து, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே லேசாக ஊட்டிவிடுங்கள். கைப்பேசியில் படம் காட்டினால் குமட்டல் கூடும். காரின் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு வருவது கூடவே கூடாது.

இங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு இருசக்கர வண்டிதான் வாகனம். நான்கு வயது வரையிலான குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும், ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசமும், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாத வேகமும் இப்போது சட்டப்படி கட்டாயம். வயல்வெளிச் சாலைகளில் நெல் காய்வதும் டிராக்டர் திரும்புவதும் சாதாரணம் என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் இவை தேவைப்பட்டவையே.

இனி, தண்ணீர். வெளியூர்க்காரர்கள் மிகக் குறைவாக அஞ்சுவதும் மிக அதிகமாக அஞ்ச வேண்டியதும் இதுவே. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணையிலிருந்து தண்ணீர் பிரிந்து வந்துவிட்டால், முந்தின வாரம் பிள்ளைகள் பந்தாடிய மணல் ஆறு இரு கரை தொட்டு ஓடும். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பெயருள்ள ஆறுகள் மட்டுமல்ல, தெருக்கோடி வாய்க்காலும் மதகின் அருகே இழுக்கும். படித்துறைகளில் நீருக்குக் கீழே உள்ள படிகள் பாசி பிடித்து வழுக்கும். குளக்கரைகளிலும் பல இடங்களில் தடுப்பு இல்லை. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. ஆகவே நீர்க்கரையில் ஒரு பெரியவர் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருப்பதையே வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். விரலைப் பிடித்தால் நழுவும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. பூம்புகாரிலும் வேளாங்கண்ணியிலும் கடல் அலை வலுவானது. மணலில் விளையாட விடுங்கள், இறக்காதீர்கள்.

முடியிறக்க வைத்தீசுவரன்கோயிலுக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ வருகிறவர்கள், குழந்தை பசியாறி விழித்திருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உறையைப் பிரிக்காத புதிய பிளேடைக் கண்முன் மாட்டச் சொல்லுங்கள். தலையில் சந்தனம் பூசிய பிறகும் மெல்லிய பருத்திக் குல்லாய் வேண்டும். மழித்த தலை வெயிலில் சீக்கிரம் பொரிந்துவிடும்.

ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணித் திருவிழா, 2016-க்குப் பின் 2028-இல் வரவிருக்கும் மகாமகம், திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி போன்ற கூட்டங்களுக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு. சாதாரண நாளிலும், அறையை விட்டுக் கிளம்பும் முன் பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து, முன்கையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பிள்ளையைக் காணவில்லையென்றால் உடனே பக்கத்திலுள்ள காவலரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

மாலையில் ஆற்றோரமும் வயலோரமும் கொசு மொய்க்கும். ஐந்தரை மணிக்கே முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் மாட்டிவிடுங்கள்; அறையில் கொசுவலை கட்ட முடியுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஊர் திரும்பும் நாளில் எந்தத் திட்டமும் வேண்டாம். காலையில் ஒருமுறை படித்துறையின் மேல்படியில் உட்காரவைத்து, ஆற்றையும் அதில் முங்கி எழும் நீர்க்காகத்தையும் காட்டிவிட்டு, தலையாட்டிப் பொம்மை ஒன்றை உடையாதபடி துணியில் சுற்றிப் பையின் நடுவில் வைத்துக்கொண்டு, பிள்ளை பகல் தூக்கத்துக்குக் கண் சொருகும் நேரத்தில் வண்டி ஏறுங்கள்.